சாமஸ் அரான் மறுவடிவமைப்பு: தோள் உருண்டைகள் இருக்கட்டுமா, போகட்டுமா?

கரித்துண்டு:
வணக்கம் எல்லோருக்கும். நிண்டெண்டோவின் மெட்ராய்ட் வீடியோ கேம் தொடரில் கவசம் அணிந்து வரும் விண்வெளி வீராங்கனை சாமஸ் அரானை என் பாணியில் புதிதாக வடிவமைத்துப் பார்க்கிறேன். விற்பனைக்கு இல்லை, போட்டிக்கும் இல்லை, எனக்காக வரைவது. முன், பக்கம், பின் என்று மூன்று பார்வைகளும் உள்ள முழு வடிவமைப்புத் தாளாக முடிக்க ஆசை.

எனக்கு நானே வைத்துக்கொண்ட நிபந்தனை ஒன்றுதான். அந்தக் கவசத்தைப் போட்டுக்கொண்டு ஒருத்தி உண்மையிலேயே ஓட முடியவேண்டும், தாவ முடியவேண்டும், கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவேண்டும். தோளுக்கு வந்ததும் சிக்கிக்கொண்டேன். அந்த இரண்டு பெரிய உருண்டைகள்! ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஹெல்மெட் பருமன். கையைத் தூக்கினால் நேராகப் போய் ஹெல்மெட்டில் இடிக்கும்.

மூன்று ஸ்கெட்ச் இணைத்திருக்கிறேன், எல்லாம் க்ரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் போட்ட வெறும் கோட்டு வரைவுகள்:
அ) உருண்டைகள் உண்டு, ஆனால் சிறியவை.
ஆ) உருண்டையே இல்லை. தோளை ஒட்டிய தட்டையான கவசம்.
இ) உருண்டைகள் முதுகுப் பக்கமாக நகர்ந்து, சூட்டை வெளியேற்றும் கலன்கள் மாதிரி.

எனக்குப் பிடித்தது ஆ. ஆனால் காட்டிய இடத்தில் எல்லாம் "நல்லா இருக்கு, யாரு இது?" என்கிறார்கள். அதுதான் உறுத்துகிறது. உருண்டைகளை எடுத்தால் சாமஸ் போய்விடுகிறாரா?

எட்டுபிட்:
முதலில் அந்த உருண்டைகள் எப்படி வந்தன என்று பார்த்துவிடுவோம், உங்கள் கேள்விக்குப் பாதி விடை அதில் இருக்கிறது.

1986-இல் நிண்டெண்டோவின் ஃபேமிகாம் டிஸ்க் சிஸ்டம் என்ற விளையாட்டுக் கருவிக்கு வந்த முதல் மெட்ராய்டில் அவை கிடையாது. வேரியா என்ற மேம்பட்ட கவசம் கிடைத்தால் உடையின் நிறம் மாறும், அவ்வளவுதான். 1991-இல் இரண்டாம் பாகம் கையடக்கக் கருவியான கேம் பாயில் வந்தது. 160-க்கு 144 பிக்சல் திரை, நான்கே நான்கு சாயல்கள். நிறம் என்ற பேச்சே இல்லை. அப்படியானால் சாமஸ் வேரியாவில் இருக்கிறாரா, சாதாரணக் கவசத்தில் இருக்கிறாரா என்று விளையாடுபவருக்கு எப்படித் தெரியும்? வடிவத்தை மாற்றினார்கள். தோளில் இரண்டு பெரிய உருண்டை. பார்த்த உடனே தெரிந்துவிடும்.

சுவாரசியம் அதற்கு அப்புறம்தான். 1994-இல் சூப்பர் மெட்ராய்ட் வந்தபோது நிறம் திரும்பக் கிடைத்துவிட்டது. உருண்டைகளைத் தூக்கிப் போட்டிருக்கலாம். போடவில்லை. அதாவது அவை பிறந்த காரணம் மூன்றே ஆண்டில் செத்துப்போனது, உருண்டைகள் மட்டும் இன்றுவரை உயிரோடு இருக்கின்றன.

அதனால் "எதற்காக வந்தது" என்பதை வைத்து எதையும் எடுத்துவிடாதீர்கள். இப்போது அது என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள்.

நிழலுரு:
எட்டுபிட் சொன்ன அந்த வேலை என்னவென்று நான் சொல்கிறேன். உங்கள் ஆ படத்தை எடுத்து முழுக்கக் கறுப்பால் நிரப்பி, கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். நான் பார்த்துவிட்டேன். எந்த விண்வெளி விளையாட்டிலும் வருகிற ஏதோ ஒரு சிப்பாய். அ படத்தை அப்படியே செய்தால் சாமஸ். இ படத்தில் முன்பக்கம் சிப்பாய், பக்கவாட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் மாட்டிய சிப்பாய்.

வால்வ் நிறுவனம் டீம் ஃபோர்ட்ரஸ் 2 என்ற தன் விளையாட்டுக்காக 2007-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை ஒன்று உண்டு. ஒன்பது வகை வீரர்கள். தூரத்தில் நிற்பவர் யார் என்று வெறும் நிழலுருவை வைத்தே தெரியவேண்டும் என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட கொள்கை. முதலில் வெளிக்கோடு, உள்ளே இருக்கும் நுணுக்கம் எல்லாம் பிறகு. மறுவடிவமைப்பு செய்பவர்களில் பெரும்பாலோர் நேர் எதிராகப் போகிறார்கள். வெளிக்கோட்டைப் பற்றிக் கவலையே இல்லாமல் உள்ளே கோடு, போல்ட், கீறல், ஒளிரும் பட்டை என்று நிரப்புகிறார்கள். (உங்களைச் சொல்லவில்லை. உங்கள் வரைவு சுத்தமாகத்தான் இருக்கிறது.)

என் கணக்கில் சாமஸின் நிழலுரு மூன்று விஷயத்தில் நிற்கிறது. உருண்டைத் தோள்கள், ஒரு கையில் மட்டும் பீரங்கி, தோள்களுக்கு நடுவே அமுங்கி நிற்கும் ஹெல்மெட். இதில் ஒன்றை எடுத்தால் மற்ற இரண்டும் அதன் பாரத்தையும் சுமக்கவேண்டும். ஆ-வில் நீங்கள் தோளை எடுத்தீர்கள், கூடவே கழுத்தையும் நீட்டிவிட்டீர்கள். இரண்டு தூண் போய்விட்டது.

வெற்றுத்தாள்:
நிழலுரு, நிழலுரு என்று எல்லா இழையிலும் இதே மந்திரம்தானா? ரசிகர் ஓவியம் ஒன்றை யாரும் நகம் அளவில் பார்க்கப் போவதில்லை. முழுத் திரையில் பார்ப்பார்கள். விளையாட்டுக்குத் தேவைப்படும் விதிகளைத் தனிப்பட்ட ஓவியத்தின் தலையில் எதற்குக் கட்டவேண்டும்?

இன்னொன்று. நிறுவனமே மாற்றியிருக்கிறதே. 2002-இல் வந்த மெட்ராய்ட் ஃப்யூஷனில் சாமஸின் கவசம் நீல நிறம், உடலோடு ஒட்டிய உயிர்த்திசு மாதிரியான வடிவம். 2021-இல் மெட்ராய்ட் ட்ரெட் தொடங்கும்போது வெள்ளையும் நீலமும். யாரும் "இது யார்" என்று கேட்கவில்லை. கரித்துண்டு, ஆ-வையே வரையுங்கள்.

எட்டுபிட்:
வெற்றுத்தாள், ஃப்யூஷன் நல்ல எடுத்துக்காட்டுதான், ஆனால் அது உங்கள் பக்கம் பேசவில்லை. அங்கே மாற்றத்துக்குக் கதையிலேயே காரணம் இருக்கிறது. எக்ஸ் ஒட்டுண்ணி தொற்றியதால் கவசத்தின் பகுதிகளை அறுவை செய்து நீக்குகிறார்கள், மெட்ராய்ட் என்ற வேற்றுக்கிரக உயிரினத்தின் உயிரணுவில் செய்த தடுப்பூசி போடுகிறார்கள், அதன் விளைவாகத்தான் அந்தத் தோற்றம். "பழைய கவசம் போய்விட்டது" என்பதே கதையின் வலி. அடையாளம் குலைந்திருப்பது தெரியவேண்டும் என்றுதான் அப்படி வரைந்திருக்கிறார்கள்.

கரித்துண்டுவின் ஆ-வில் அப்படி ஏதாவது கதை உண்டா? இருந்தால் தாராளமாக எடுக்கலாம். "கை இடிக்கிறது" என்பது மட்டும்தான் காரணம் என்றால் இடிக்காமல் செய்ய வழி தேடலாம்.

தொழில்நுட்பத் தடையில் பிறந்து, தடை போனபிறகும் தங்கிவிட்ட அடையாளத்துக்கு மாரியோவை விடப் பெரிய சாட்சி வேண்டாம். 1981, அவர் முதலில் வந்த டாங்கி காங் விளையாட்டு. 16-க்கு 16 பிக்சலில் தலைமுடி வரைய முடியாது, தொப்பி போட்டார்கள். வாய் வரைய இடமில்லை, மூக்குக்குக் கீழே மீசை வைத்தார்கள். கை அசைவது உடம்போடு கலந்துவிடக்கூடாது என்று மேலங்கியும் சட்டையும் வேறு வேறு நிறம். இன்று ஒவ்வொரு முடியாக வரைய முடியும். தொப்பியைக் கழற்றிவிட்டு, மீசையை மழித்து ஒரு மாரியோ வரைந்து காட்டுங்கள் பார்ப்போம்.

சாமஸிலேயே இன்னொன்று இருக்கிறது. உருண்டு போகும் மார்ஃப் பால். ஆள் தவழ்ந்து போவதை அசைவாக வரைவது கடினமாக இருந்ததால் பந்தாக்கிவிட்டார்கள். அந்தக் குறுக்குவழிதான் இன்று தொடரின் முத்திரை.

திருகாணி:
எல்லோரும் அடையாளம் பற்றியே பேசுகிறீர்கள், கரித்துண்டு கேட்டதில் பாதி இயந்திரக் கேள்வி. அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

தோள் கவசம் உடலோடு எப்படி இணைகிறது என்பதை வரையாமல் "இடிக்கிறது" என்று முடிவு கட்டவேண்டாம். நிஜத்தில் இதற்கு இரண்டு தீர்வு உண்டு.

முதலாவது, ஐரோப்பிய இரும்புத் தகட்டுக் கவசம். தோளுக்கு ஒரே தகடு கிடையாது. ஒன்றன்மேல் ஒன்று ஏறும் பல குறுகிய தகடுகள், உள்ளே தோல் பட்டையிலும் ரிவெட்டிலும் தொங்கும். கையைத் தூக்கினால் தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிப் போகும். 15-ஆம் நூற்றாண்டுக் குதிரைவீரர் கவசங்களில் இன்னொரு விஷயம் கவனியுங்கள்: இடத்தோளும் வலத்தோளும் ஒரே அளவு இல்லை. வலக்கையில் ஈட்டியை அக்குளில் இடுக்கவேண்டும், அதனால் வலத்தோள் தகட்டை வெட்டிக் குறைத்திருப்பார்கள். இடத்தோள் பெரியது, எதிரியின் அடி விழுவது அந்தப் பக்கம்.

இரண்டாவது, விண்வெளி உடை. நாசாவின் விண்நடை உடையில் மேல்பகுதி கெட்டியான ஓடு. கை சுழல்வதற்குத் தோளில் வளைய வடிவத் தாங்கி வைத்திருக்கிறார்கள், ஆங்கிலத்தில் சொல்கிற அதே பேரிங்தான். காற்றழுத்தம் நிரம்பிய உடையில் மடிப்பை மட்டும் நம்பினால் கை அசையாது.

இப்போது உருண்டையைப் பாருங்கள். அது வெளியே ஒட்டவைத்த அலங்காரம் என்று நினைத்தால் இடிக்கும். உள்ளே தோள் தாங்கி இருக்கிறது, உருண்டை அதன் உறை என்று நினைத்தால்? கை எந்தப் பக்கம் போனாலும் உருண்டை இடம் மாறவேண்டியதில்லை. கோளம் சுழன்றால் கோளமாகவேதான் இருக்கும். கை மட்டும் அதன் பரப்பில் உள்ள ஒரு பிளவு வழியாக நகரும். ஆக, இயந்திரக் கணக்கிலும் அந்த இடத்துக்கு உருண்டைதான் சரியான வடிவம்.

ஹெல்மெட்டில் இடிக்காமலிருக்க, உருண்டையின் மையத்தை வெளிப்பக்கமாக நகர்த்தவேண்டும். அதாவது மேல்மார்பு அகலமாகும். அதைத்தான் கேம்களிலும் செய்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன், சாமஸின் மார்புக் கவசம் இடுப்பைப் போல இரண்டு மடங்கு அகலம் இருக்கும்.

அப்புறம் ஒரு கேள்வி. மார்ஃப் பாலாக மாறும்போது இந்த உருண்டைகள் எங்கே போகும்?

பழைய கார்ட்ரிட்ஜ்:
மார்ஃப் பாலுக்கு விளக்கம் தேடக்கூடாது. தேடினால் முதுகெலும்பில் தொடங்கி எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்லவேண்டிவரும்.

திருகாணி:
ஹாஹா, சரி. விட்டுவிடுகிறேன்.

கரித்துண்டு:
திருகாணி, அந்த ஈட்டி விஷயம் பொறி தட்ட வைத்துவிட்டது. வலக்கையில் பீரங்கி. வலத்தோள் சிறியதாக, முன்பக்கம் வெட்டி, பீரங்கியை மார்புக்குக் குறுக்கே கொண்டுவர வசதியாக. இடத்தோள் முழு உருண்டை, கேடயம் மாதிரி அந்தப் பக்கத்தை முன்னே நீட்டி நிற்பது. புதிதாக "ஈ" என்று ஒரு ஸ்கெட்ச் இணைத்திருக்கிறேன். நிழலுரு சோதனையும் செய்துவிட்டேன், கறுப்பில் பார்த்தாலும் ஆளைத் தெரிகிறது.

வெற்றுத்தாளுக்கு: ஆ-வை நான் குப்பையில் போடவில்லை. தனிக் கோப்பாக வைத்திருக்கிறேன்.

அடுத்து நிறம். செம்மஞ்சள் உடல், சிவப்பு ஹெல்மெட், மஞ்சள் தோள், பச்சை முகக்கண்ணாடி. இதை மாற்றும் எண்ணம் இல்லை. ஆனால் வண்ணம் போட்டுப் பார்த்தால் எல்லாம் ஒன்றோடொன்று குழைந்து ஒரே தக்காளிக் கூழாகத் தெரிகிறது. எங்கே உதைக்கிறது?

வண்ணக்குழம்பு:
படத்தை இறக்கிப் பார்த்தேன். நிறத்தில் கோளாறு இல்லை, வெளிச்ச அளவில்தான் கோளாறு. செம்மஞ்சளும் சிவப்பும் நீங்கள் எடுத்திருக்கும் சாயலில் கிட்டத்தட்ட ஒரே அடர்த்தி. க்ரிட்டாவில் எல்லா லேயருக்கும் மேலே ஒரு புதிய லேயர் போட்டு, முழுக்கக் கறுப்பு நிரப்பி, அதன் கலப்பு முறையைக் 'கலர்' என்று மாற்றுங்கள். படம் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். அந்த லேயரின் கண் குறியை அணைத்து அணைத்து ஏற்றினால், வரைந்துகொண்டே சரிபார்க்கலாம்.

உங்கள் படத்தில் அப்படிச் செய்தால் ஹெல்மெட்டும் மார்பும் ஒரே சாம்பல். முகக்கண்ணாடியும் அதே சாம்பல்! பச்சைக்கும் சிவப்புக்கும் இடையே நிற வேறுபாடு மட்டும் இருக்கிறது, வெளிச்ச வேறுபாடு இல்லை. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு உண்டு. அவர்களுக்கு உங்கள் சாமஸுக்கு முகக்கண்ணாடியே இல்லை.

செய்யவேண்டியது: சிவப்பை இறக்குங்கள், நல்ல கருஞ்சிவப்பு வரை போகலாம். செம்மஞ்சள் நடுவில் இருக்கட்டும். பச்சையை வெளிச்சமாக ஏற்றுங்கள், படத்திலேயே அதிக வெளிச்சமான இடம் அதுவாக இருக்கட்டும். கண் நேராக முகத்துக்குப் போகும்.

டீம் ஃபோர்ட்ரஸ் 2-வை நிழலுரு சொன்னார், அதே கட்டுரையில் இதற்கும் விடை உண்டு. அங்கே பாதங்கள் அடர்த்தியாகத் தொடங்கி மேலே போகப்போக வெளிச்சம் கூடும். அதிக வேறுபாடு மார்பு உயரத்தில், ஆயுதம் இருக்கும் இடத்தில். அதனால் பார்வை காலில் சிக்காது. உங்கள் சாமஸின் பூட்ஸில் இருக்கும் அந்த வெள்ளைப் பட்டை அழகாக இருக்கிறது, ஆனால் முதலில் கண்ணில் படுவது அதுதான். எடுத்துவிடுங்கள்.

நிறத்தையே பின்னணியை வைத்து முடிவு செய்தவர்களும் உண்டு. 1996-இல் வந்த க்ராஷ் பேண்டிகூட் செம்மஞ்சளாக இருப்பது அப்படித்தான். காடு, மணல், கடல் எல்லாவற்றின் மீதும் தனித்துத் தெரிய ஒரு நிறம் வேண்டும் என்று கழித்துக்கொண்டே வந்தார்கள். சிவப்பு அந்தக் காலத்து மலிவுத் தொலைக்காட்சிகளில் ஓரம் கசிந்து பரவும், அதனால் அதுவும் கழிந்தது. சாமஸின் செம்மஞ்சளும் இருண்ட குகைகளின் நீலம், பச்சை, ஊதாவுக்கு எதிரே நன்றாக எழுந்து நிற்கும். உங்கள் பின்னணியோ பழுப்பு. பின்னணியை மாற்றினாலே பாதிக் கூழ் தெளிந்துவிடும்.

கேள்விக்குறி:
இவ்வளவு எதற்கு? ஏஐ ஓவியக் கருவியில் நாலு வரி எழுதினால் நாற்பது வடிவம் கொடுக்குமே. அதில் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. அடுத்தவர் உருவாக்கிய கதாபாத்திரத்தை இப்படி மாற்றி வெளியிடுவது சட்டப்படி சரியா?

கரித்துண்டு:
முதல் கேள்விக்கு: வரைவதற்காகத்தான் இதையே ஆரம்பித்தேன். வேறொன்று வரைந்து கொடுத்துவிட்டால் எனக்கு இதில் என்ன மிச்சம்?

இரண்டாவதற்கு யாராவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கார்ட்ரிட்ஜ்:
நான் வக்கீல் இல்லை, பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். கதாபாத்திரத்தின் உரிமை நிறுவனத்துடையது. அதை வைத்துச் செய்யும் வழிப்படைப்புக்கு அனுமதி கொடுக்கும் உரிமையும் அவர்களுடையது. காசு வாங்காமல் வரைந்து பகிரும் ஓவியங்களைப் பெரும்பாலான நிறுவனங்கள் கண்டுகொள்வதில்லை. சில நிறுவனங்கள், உதாரணமாக ரயட் கேம்ஸ், ரசிகர்கள் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று எழுத்திலேயே வெளியிட்டிருக்கின்றன. கண்டுகொள்ளாமல் இருப்பது வேறு, அனுமதி வேறு. அது மட்டும் மனதில் இருக்கட்டும்.

மெட்ராய்டிலேயே ஒரு கதை உண்டு. இரண்டாம் பாகத்தை ரசிகர்கள் பல ஆண்டு உழைத்து முழு விளையாட்டாக மறுஆக்கம் செய்து, ஏஎம்2ஆர் என்ற பெயரில் 2016 ஆகஸ்டில் இலவசமாக வெளியிட்டார்கள். சில நாட்களிலேயே நிண்டெண்டோவின் பதிப்புரிமை அறிவிப்பு வந்து, பதிவிறக்கச் சுட்டிகள் நீக்கப்பட்டன. அடுத்த ஆண்டு, 2017-இல், அதே இரண்டாம் பாகத்தின் அதிகாரபூர்வ மறுஆக்கம் நிண்டெண்டோவின் கையடக்கக் கருவியான 3டிஎஸ்ஸில் வந்தது. இலவசம் என்பதால் தப்பிக்க முடியாது என்பதற்கு இது போதும். ஆனால் ஒரு முழு விளையாட்டுக்கும் ஒரு ஓவியத்துக்கும் நிறையத் தூரம்.

ஓவியத்தில் நிஜமாகவே வம்பு வருவது அச்சிட்டு விற்கும்போது. அல்லது இன்னொரு ரசிகரின் மறுவடிவமைப்பைப் பார்த்து அப்படியே வரையும்போது. இரண்டாவது சட்டத்துக்கு முன்னால் மரியாதைப் பிரச்சினை. மூலக் கதாபாத்திரம் யாருடையது என்று ஒரு வரி எழுதி, எந்தெந்தப் படங்களைப் பார்த்து வரைந்தீர்கள் என்றும் போட்டுவிடுங்கள்.

வெற்றுத்தாள்:
சரி, ஈ-யைப் பார்த்தேன். தோள் விஷயத்தில் நான் இன்னும் சமாதானமாகவில்லை, ஆனால் அந்த ஏற்றத்தாழ்வு பிடித்திருக்கிறது. இப்போது வேறு ஒன்று. இடுப்பு ஏன் இவ்வளவு ஒடுக்கம்? மார்புக் கவசத்தில் ஏன் இரண்டு மேடு?

கரித்துண்டு:
உள்ளே இருப்பது பெண் என்று கொஞ்சமாவது தெரியவேண்டாமா?

வெற்றுத்தாள்:
வேண்டாம் என்பதுதான் முதல் விளையாட்டின் முழு விளையாட்டே! 1986-இல் முடிவுவரை யாருக்கும் தெரியாது. வேகமாக முடித்தவர்களுக்குத்தான் ஹெல்மெட் கழன்று உள்ளே இருப்பவர் பெண் என்று தெரிந்தது. கவசம் வெளியே எதையும் காட்டாததால்தான் அந்த அதிர்ச்சி நடந்தது. அடையாளம் அடையாளம் என்று தோளுக்கு இவ்வளவு சண்டை போட்டீர்களே, இது அதைவிடப் பெரிய அடையாளம் இல்லையா?

திருகாணி:
இதில் வெற்றுத்தாள் பக்கம்தான் நான். மார்புத் தகட்டில் இரண்டு மேடு வைத்தால், நடுவில் விழும் பள்ளம் வருகிற அடியை நெஞ்செலும்புக்கே வழிநடத்தும். ஒரே வளைவாக இருந்தால் அடி பக்கவாட்டில் வழுக்கிப் போகும். உள்ளே யார் இருந்தாலும் கவசத்துக்கு அதுதான் நல்லது.

எட்டுபிட்:
உயரத்தையும் பாருங்கள். சூப்பர் மெட்ராய்ட் காலத்து அதிகாரபூர்வக் கையேட்டில் சாமஸுக்கு 190 செ.மீ. உயரம், 90 கிலோ எடை என்று போட்டிருந்தது. பெரிய உருவம். உங்கள் தாளில் தலை அளவை வைத்துப் பார்த்தால் ஆறரைத் தலை உயரம்தான் வருகிறது, சிறுமி மாதிரி இருக்கிறது. ஏழரை, எட்டுக்குக் கொண்டுபோங்கள்.

நிழலுரு:
ஆனால் இடுப்பை ரொம்பவும் அகலப்படுத்தவேண்டாம். சாமஸின் உடல் ஒரு தலைகீழ் முக்கோணம். மேலே கனம், கீழே ஒடுக்கம். ஒடுக்கத்துக்குக் காரணம் பெண் என்பதல்ல, மேலே தோள் அவ்வளவு அகலம் என்பது. மார்பு மேட்டை எடுங்கள், இடுப்பை ஒரு விரல் அகலம் மட்டும் கூட்டுங்கள், போதும்.

கேள்விக்குறி:
இப்படிப் பெண் என்றே தெரியாத பெண் கதாபாத்திரம் வேண்டும் என்று அடம்பிடிப்பதெல்லாம் இப்போதைய ஃபேஷன். முன்பெல்லாம்...

நெறியாளர்:
கேள்விக்குறியின் பதிவின் மீதியையும் அதற்கு வந்த பதில்களையும் நீக்கியிருக்கிறேன். இங்கே பேச்சு ஒரு ஓவியத்தைப் பற்றி. படத்தைப் பார்த்துப் பேசுங்கள்.

கரித்துண்டு:
நன்றி நெறியாளரே.

மார்பை ஒரே வளைவாக மாற்றிவிட்டேன். உண்மையைச் சொன்னால் வரைவதும் எளிதாகிவிட்டது. முகத்தை வேறு இடத்தில் காட்டப் போகிறேன். 2002-இல் வந்த மெட்ராய்ட் ப்ரைமில் அருகே ஏதாவது வெடித்தால் அந்த வெளிச்சத்தில் சாமஸின் முகம் கண்ணாடியின் உள்பக்கம் ஒரு கணம் பிரதிபலிக்கும், நினைவிருக்கிறதா? அதே யோசனை. முக்கால்பக்கத் தோற்றத்தில் பீரங்கியின் ஒளி கண்ணாடிமேல் விழுகிறது, பச்சைக்குப் பின்னால் கண்களும் மூக்கின் ஓரமும் லேசாகத் தெரிகின்றன. அதற்குமேல் இல்லை.

உயரம் ஏழேமுக்கால் தலை. பூட்ஸின் வெள்ளைப் பட்டை போயிற்று. பின்னணி இப்போது நீலச்சாம்பல். வண்ணக்குழம்பு சொன்ன கறுப்பு லேயர் சோதனையில் மூன்று தெளிவான அடுக்கு வருகிறது: ஹெல்மெட் அடர்த்தி, உடல் நடுத்தரம், கண்ணாடி வெளிச்சம். தோள் மஞ்சளை மட்டும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உடலைவிட வெளிச்சமாக வைத்தால் கண்ணாடியோடு போட்டி போடுகிறது.

தோளின் முடிவு: ஈ-தான். இடது முழு உருண்டை, உள்ளே தாங்கி, பிளவு வழியாகக் கை. வலது மூன்று தகடு ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் அரை உருண்டை. முன், பக்கம் இரண்டும் இணைத்திருக்கிறேன்.

வண்ணக்குழம்பு:
மஞ்சளை வெளிச்சத்தில் இறக்காதீர்கள், அழுக்குப் பச்சையாகிவிடும். அதன் பரப்பைக் குறையுங்கள். உருண்டை முழுக்க மஞ்சள் எதற்கு? பிளவின் ஓரத்தில் ஒரு பட்டை, மேல்பக்கம் ஒளி விழும் இடத்தில் கொஞ்சம். மீதி செம்மஞ்சளாகவே இருக்கட்டும். வலத்தோளில் தகடுகளின் விளிம்பு மட்டும் மஞ்சள்.

வெற்றுத்தாள்:
முகம் அப்படி லேசாகத் தெரிவது அருமை. தோளைப் பற்றி இனிமேல் வாய் திறக்கமாட்டேன். ஆனால் அந்த ஆ கோப்பை எனக்கு அனுப்புங்கள், அதை வைத்து ஃப்யூஷனுக்குப் பிறகு என்ன ஆகியிருக்கும் என்று நான் ஒன்று வரையப் போகிறேன். உங்கள் பெயரைப் போட்டுத்தான் வெளியிடுவேன்.

கரித்துண்டு:
தாராளமாக. தனிச்செய்தியில் கோப்பு அனுப்பிவிட்டேன். லேயர்களைப் பிரித்தே வைத்திருக்கிறேன், தோள் தனி.

திருகாணி:
எல்லாம் சரி, பின்பக்கம் எங்கே? வலத்தோளின் மூன்று தகடும் பின்னால் எதில் மாட்டியிருக்கின்றன என்று தெரியாமல் அந்தத் தோள் வேலை செய்யும் என்று ஒத்துக்கொள்ளமாட்டேன். கையை உடலோடு ஒட்டவைக்காமல் 45 பாகை விலக்கி வரையுங்கள், அப்போதுதான் அக்குள் தெரியும்.

கரித்துண்டு:
பின்பக்கத்தை வரையத் தொடங்கியிருக்கிறேன். மேல்தகடு முதுகோட்டில் கீல் போட்டு மாட்டுகிறது, மற்ற இரண்டும் அதிலிருந்து தொங்குகின்றன. கீலை முதுகெலும்புக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்கலாம்? ரொம்ப உள்ளே போனால் முதுகில் ஜெட் வைக்க இடம் இருக்காது.

திருகாணி:
தோள்பட்டை எலும்பின் வெளி ஓரம்தான் உள்ளெல்லை. கை தூக்கும்போது அந்த எலும்பே சுழலும், கீல் அதற்கு மேலே உட்கார்ந்தால் தகடு முதுகில் குத்தும். ஜெட்டை நடுவில் ஒற்றையாக வைத்துப் பாருங்கள், இரண்டு வேண்டாம்.